சும்மா இருக்கும் கைகள்

1700ஆம் ஆண்டு இத்தாலியின் மோதெனா நகரில் ஒரு மருத்துவ நூல் வெளியானது. எழுதியவர் பெர்னார்தினோ ரமாஸினி. தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றிய நூல் அது. ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். நீ என்ன வேலை செய்கிறாய்? இதுதான் அவர் சேர்த்த கேள்வி.

இந்தக் கேள்வியின் வலிமையை அவர் காட்டும் இடங்களில் ஒன்று வெனிஸ் நகரை ஒட்டிய முரானோ தீவு. அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி செய்தவர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் பாதரசம் பூசினார்கள். நாளடைவில் அவர்களுடைய கைகால்கள் நடுங்கத் தொடங்கின. தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் உடல் சீரழிவதைப் பார்த்து, பிழைப்பு தந்த தொழிலையே அவர்கள் சபித்தார்கள் என்று ரமாஸினி எழுதுகிறார். நம் மொழி இந்தத் தொழிலை இன்னும் மறக்கவில்லை. ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோம். அந்த ரசம் பாதரசம்தான்.

ரமாஸினியின் நூலில் சுரங்கத் தொழிலாளர்களும் கொல்லர்களும் மட்டுமல்ல, மருத்துவச்சிகளும் பாலூட்டும் தாதிகளும் துணி வெளுப்பவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் செய்வதும் வேலைதான், அந்த வேலையும் உடலில் தடம் பதிக்கும் என்பதை அவர் கண்டிருந்தார். மூன்று நூற்றாண்டு கழித்து நான் நரம்பியல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். எங்கள் கேஸ் ஷீட்டில் ரமாஸினியின் கேள்விக்கு ஒரு கட்டம் உண்டு. ‘தொழில்’ என்று அச்சிட்டிருக்கும். பெண் நோயாளி என்றால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘இல்லத்தரசி’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். நேரில் கேட்டாலும், “வேலைக்கெல்லாம் போகல மேடம், வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். அந்தப் பெண் நாள் முழுக்க எதைத் தொடுகிறாள், எதைத் துவைக்கிறாள், எதன் ஆவியைச் சுவாசிக்கிறாள், முகத்தில் எதைப் பூசுகிறாள் என்பதெல்லாம் அந்த ‘சும்மா’வுக்குள் புதைந்துபோகும்.

நடுக்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகியது. பெண்ணின் கை நடுங்கியபோது மருத்துவம் அந்தக் கையை உற்றுப் பார்த்தது. அந்தக் கை எங்கெல்லாம் போய்வந்தது என்று அபூர்வமாகத்தான் கேட்டது.

பார்வையின் வரலாறு

நடுக்கத்தோடு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது எளிமையான கேள்வி. கை சும்மா இருக்கும்போது ஆடுகிறதா, எதையாவது எடுக்கப் போகும்போது ஆடுகிறதா? மடியில் வைத்திருக்கும் கை தானாக ஆடினால் பார்க்கின்சன் நோயை நினைப்போம். தம்ளரை எட்டி எடுக்கும்போது, நெருங்க நெருங்க ஆட்டம் கூடினால் சிறுமூளையையும் அதன் இணைப்புகளையும் நினைப்போம்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக நிறுவியவர்களில் முக்கியமானவர் ஷான்-மார்த்தன் ஷார்கோ. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1862 முதல் பொறுப்பிலிருந்தவர். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு நோயாளிகளை வைத்து 1817இல் எழுதிய சிறுநூலை எடுத்து, அந்த நோய்க்கு அவர் பெயரைச் சூட்டிப் பரப்பியதும் ஷார்கோதான்.

சால்பெத்ரியேர் என்பது வெறும் மருத்துவமனை அல்ல. ஏழைகள், முதியவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள், போக்கிடமற்றவர்கள் என ஆயிரக்கணக்கான பெண்களை அடைத்துவைத்த நகரம் அது. நரம்பியல் என்ற துறை அந்தப் பெண்களின் உடல்களைப் பார்த்துத்தான் வளர்ந்தது. தலை நடுக்கத்தின் வேறுபாடுகளைக் கடைசி வரிசை மாணவனும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஷார்கோ அவர்கள் தலையில் நீண்ட இறகுகளைச் செருகி மேடையில் நிறுத்தினார். இறகின் ஆட்டத்தைப் பார்த்து மாணவர்கள் நோயைப் படித்தார்கள்.

ஷார்கோ வீட்டுப் பணிப்பெண்ணைப் பற்றிய கதை ஒன்றும் நரம்பியல் வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. கை நடுக்கத்தால் அவள் தட்டுகளை உடைத்துக்கொண்டே இருந்தாளாம். ஆனாலும் அவர் அவளை வேலையிலிருந்து நீக்கவில்லையாம். அவளுடைய நடுக்கத்தைத் தினமும் கவனித்தார். அவள் இறந்தபின் உடற்கூறாய்வு செய்து, மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் விழுந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கண்டறிந்தார். இதை எங்களுக்கு ஒரு மேதையின் பொறுமைக்குச் சான்றாகச் சொன்னார்கள். தட்டுக் கழுவிய அந்தப் பெண் தன் கைகளைப் பற்றி என்ன சொன்னாள் என்பது கதையில் இல்லை.

ஷார்கோவின் உற்றுநோக்கலால் உலகுக்குப் பெரும் பயன் விளைந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதே மருத்துவமனையிலிருந்துதான் ஹிஸ்டீரியா என்ற பெருங்கூடையும் வந்தது. காரணம் தெரியாத நடுக்கம், காரணம் தேடப்படாத நடுக்கம் எல்லாம் அதற்குள் விழுந்தன. பாதரசம், ஈயம் போன்ற நச்சுகளோடு வேலை செய்தவர்களின் நடுக்கத்தைக்கூட ஹிஸ்டீரியா என்று விளக்கும் போக்கு 1880களின் பாரிஸில் இருந்தது.

வெட்கமும் ஒரு நோய்க்குறி

நடுக்கத்துக்கு வழக்கமான காரணங்கள் பல உண்டு. குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் விரல்கள் மெல்லியதாக நடுங்கும். இது பெண்களுக்கே அதிகம் வருவது. வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், மனநோய்க்குத் தரும் லித்தியம், ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புட்டமால் ஆகிய மருந்துகளும் கையை நடுங்கச் செய்யும். அபூர்வமான காரணங்களும் உண்டு. கின்னியர் வில்சன் 1912இல் விவரித்த நோயில் செம்பு ஈரலிலும் மூளையிலும் படிகிறது. கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். இளவயதில் வரும் இந்த நோய் பலமுறை மனநோய் என்றே முதலில் முத்திரை குத்தப்படுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்திவிடலாம்.

இவற்றில் பாதரசத்தை நான் தனியாக எடுத்துப் பேசுவதற்குக் காரணம் அதன் நடுக்கத்தோடு சேர்ந்து வரும் ஒன்று. 1861இல் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மவுல், ஃபூர்த், எர்லாங்கன் நகரங்களின் கண்ணாடித் தொழிலாளர்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். தகரத்தாளில் பாதரசத்தை ஊற்றித் தேய்த்து, அதன்மேல் கண்ணாடியைப் படியவைக்கும் வேலையில் அங்கே பெரும் எண்ணிக்கையில் பெண்கள் இருந்தார்கள். பாதரசம் இல்லாமல் வெள்ளியைக் கொண்டே கண்ணாடி செய்யும் முறையை வேதியியலாளர் லீபிக் 1835லேயே கண்டிருந்தார். ஆனாலும் பழைய முறை இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

குஸ்மவுல் கண்ட நடுக்கம் விரல்களிலும் இமைகளிலும் உதடுகளிலும் தொடங்கியது. கையெழுத்து கோணியது. பொத்தான் போடுவது கடினமானது. ஆனால் நடுக்கத்துக்கு முன்பே வேறொன்று வந்தது. அந்தத் தொழிலாளர்கள் கூச்ச சுபாவிகளாக மாறினார்கள். அந்நியர் முன்னால் முகம் சிவந்தது. மருத்துவர் வந்து நின்று பார்த்தால், பல வருடம் பழகிய வேலையே கையில் ஓடவில்லை. சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுந்தார்கள். தூக்கம் போனது, மறதி வந்தது. மருத்துவம் இந்தத் தொகுப்புக்கு ‘எரதிசம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. நரம்பு மண்டலத்தில் பாதரசம் செய்யும் வேலை இது.

அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். கூச்சம், முகம் சிவத்தல், யாராவது பார்த்தால் பதற்றம், அழுகை, திடீர்க் கோபம், தூக்கமின்மை. ஒரு ஆணிடம் இவை புதிதாகத் தோன்றினால் வீட்டார் பதறுவார்கள். ‘மனுஷன் முன்ன மாதிரி இல்லையே’ என்பார்கள். ஒரு பெண்ணிடம் தோன்றினால்? கூச்சம் அவளுடைய இயல்பு. கோபம் மாதவிடாயால் வருவது. தூக்கமின்மை கவலையால் வருவது. கை நடுக்கம் ‘நரம்புத் தளர்ச்சி’. பெண்மையின் இலக்கணமாக நாம் எழுதிவைத்திருக்கும் வரிகளும் ஒரு நச்சின் நோய்க்குறிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்கின்றன. அதனால்தான் நச்சு கண்ணில் படுவதில்லை.

வீடு தேடிப் போன மருத்துவர்

கையிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் தேடிப் போனவர்களில் முதன்மையானவர் ஆலிஸ் ஹாமில்டன். 1869இல் பிறந்து 1970 வரை வாழ்ந்த அமெரிக்க மருத்துவர். சிகாகோவில் குடியேறிகளின் சேரிகளுக்கு நடுவே இருந்த ஹல் ஹவுஸ் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். 1910இல் இல்லினாய் மாநிலத்துக்காக ஈய நச்சைப் பற்றி ஆராய்ந்தபோது, ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் வாய் திறக்க அஞ்சுவதைக் கண்டார். எனவே அவர்களுடைய வீடுகளுக்குப் போய்ப் பேசினார். மருந்துக்கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் விசாரித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்.

பாதரசமும் அவருடைய தேடலில் அகப்பட்டது. அந்தக் காலத்துத் தொப்பிகளை முயலின் ரோமத்திலிருந்து செய்தார்கள். ரோமம் ஒன்றோடொன்று பின்னி இறுகுவதற்கு அதன்மேல் பாதரச நைட்ரேட்டைத் தடவுவார்கள். ரோமத்தைப் பிரிக்கும்போதும் ஆவியில் இறுக்கும்போதும் பாதரசம் காற்றில் கலக்கும். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் தொப்பித் தொழிலாளர்களின் நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள்: ‘டான்பரி நடுக்கம்’. ஹாமில்டன் 1922இல் தொப்பி செய்வோரையும் ரோமம் வெட்டுவோரையும் பற்றி எழுதினார். பின்னால் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறை கனெக்டிகட் ஆலைகளில் 544 பேரைச் சோதித்தபோது பத்தில் ஒருவருக்கு மேல் பாதரச நோய் இருந்தது. 1941 டிசம்பரில் தொப்பித் தொழில் பாதரசத்தைக் கைவிட்டது. போருக்கு வெடிகளின் டெட்டனேட்டர் செய்யப் பாதரசம் தேவைப்பட்டது. மாற்று வழி இருந்தும் தொழிலாளியின் கைக்காக நிகழாத மாற்றம், வெடிகுண்டுக்காக நிகழ்ந்தது.

1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஹாமில்டனை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அங்கே அவர்தான் முதல் பெண் ஆசிரியர். பேராசிரியர் மன்றத்துக்குள் வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்துப் போட்டிக்குச் சலுகைச் சீட்டு கேட்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. 1935இல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியர் என்ற நிலையிலிருந்து அவரை உயர்த்தவே இல்லை.

தாய்மார்கள் அறிந்தது

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்ததை நம்மில் பலர் படித்திருப்போம். சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீனில் ஏறி, மீனைத் தின்ற பூனைகளிலும் மனிதர்களிலும் ஏறியது. கை நடுக்கம், தள்ளாட்டம், மரத்துப்போதல், பார்வை குறுகுதல். 1956 மே மாதம் இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது இரண்டு சின்னஞ்சிறு சகோதரிகளின் வழியாக. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது.

இந்த வரலாற்றில் நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் பகுதி வேறு. அந்த ஊர்களில் பிறவியிலேயே ஊனத்தோடு குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. மூளை வாதம் என்றே மருத்துவர்கள் எழுதினார்கள். நஞ்சுக்கொடி நச்சைத் தடுத்துவிடும், கருவுக்கு அது போகாது என்பது அன்றைய பாடம். மீனே தின்னாத கைக்குழந்தைக்கு மினமாட்டா நோய் எப்படி வரும்? 1961 வாக்கில் ஹராடா மசாசுமி என்ற இளம் மருத்துவர், ஒரே மாதிரி நோய்க்குறிகளோடு இரண்டு மகன்களை வைத்திருந்த ஒரு தாயைச் சந்தித்தார். இளையவன் மீன் தின்றதில்லை. ஆனால் நான் தின்றேனே, என் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அது போயிருக்கும் என்றாள் அந்தத் தாய். அந்த வருடம் அக்கம்பக்கத்தில் இப்படி இன்னும் பல குழந்தைகள் பிறந்ததையும் சொன்னாள். பாடப்புத்தகத்தை நம்புவதா, இந்தப் பெண்ணை நம்புவதா என்ற இடத்தில் ஹராடா அவளை நம்பித் தேடினார். 1962இல் அந்தக் குழந்தைகளின் நோயும் மினமாட்டா நோய் என்று ஏற்கப்பட்டது.

சான்றும் தாய்மார்களிடமே இருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது அங்கே வழக்கம். பின்னாளில் அந்தத் தொப்புள்கொடிகளைச் சோதித்தபோது மெத்தில் பாதரசம் அவற்றில் இருந்தது. சடங்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்று ஆவணமானது. இந்த மக்களின் துயரத்தை 1969இல் நூலாக்கி உலகுக்குச் சொன்ன இஷிமுரே மிச்சிகோவும் அதே கடற்கரையில் வாழ்ந்த ஒரு இல்லத்தரசிதான்.

துவைக்கும் துணியும் பூசும் களிம்பும்

ஆலைக்குள் போகாத பெண்ணுக்கும் ஆலையின் நச்சு வந்து சேரும். 1980களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது, அவர்களுடைய சிறுநீரில் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதரசம் அதிகமாக இருந்தது. பெற்றோரின் உடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வந்திருந்தது. அந்த உடையை உதறுபவர், துவைப்பவர், அறையைக் கூட்டுபவர் யார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

நம் கொடைக்கானலிலும் ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1983 முதல் 2001 வரை இயங்கியது. நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பாதித்ததாக நிறுவனம் ஏற்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. 591 என்பது சம்பளப் பட்டியலில் இருந்தவர்களின் கணக்கு. அவர்களுடைய சீருடையைத் துவைத்த கைகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

இன்று பாதரசம் பெண்களைத் தேடி வரும் நேர்வழி முகக் களிம்பு. தோலில் கறுப்பு நிறமி உண்டாவதைப் பாதரச உப்புகள் தடுக்கும். அதனால்தான் சிவப்பழகு க்ரீம்களில் கள்ளத்தனமாகக் கலக்கிறார்கள். 1996இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில், மெக்சிகோவில் தயாரான ஓர் அழகு க்ரீமில் பாதரசக் குளோரைடு இருந்தது தெரியவந்தது. அதைப் பூசாத வீட்டாரின் உடலிலும் பாதரசம் ஏறியிருந்தது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களின் சிறுநீரகம் பழுதான செய்தி வந்தது. மினமாட்டாவின் பெயரால் 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள களிம்புகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020க்குள் நிறுத்தச் சொன்னது. ஆனால் லேபிள் இல்லாத டப்பா எந்த உடன்படிக்கையையும் படிப்பதில்லை.

திருமணமாகி ஒரு வருடமான ஓர் இளம்பெண் என்னிடம் வந்தாள். இரண்டு கையும் நடுக்கம், தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகை. மாமியார் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அடுத்து நரம்புத் தளர்ச்சிக்கு டானிக். தைராய்டு சரியாக இருந்தது, ஸ்கேனும் சரியாக இருந்தது. முகத்துக்கு ஏதாவது போடுகிறாயா என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்த கணவனைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். அவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகு, “பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி இருந்து போடுறேன் டாக்டரம்மா. விட்டா கறுத்துப்போயிடும். அவங்களுக்குத் தெரியாது” என்றாள். பெயரில்லாத டப்பா. சிறுநீர்ச் சோதனையில் பாதரசம் மிகுந்திருந்தது. க்ரீமை நிறுத்தி, சிகிச்சை தந்து, சில மாதங்களில் நடுக்கம் அடங்கியது. அவளுடைய நிறத்தைப் பற்றி வீட்டில் என்ன பேசினார்கள் என்பதற்கு என்னிடம் மருந்தில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் அவளைக் கேட்டார்கள். ஹாமில்டன் ஆலையை விட்டு வீடுகளுக்குப் போனது தொழிலாளி பயமில்லாமல் பேசும் இடம் அதுவென்பதால். பெண்ணுக்கு அந்த வீடே ஆலையாக இருக்கும்போது, மருத்துவரின் அறையாவது வேறு இடமாக இருக்க வேண்டும்.

மாணவிகளுக்குச் சொல்கிறேன். நடுங்கும் கைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வழக்கமானதுதான். யாரும் பதற வேண்டாம். ஆனால் நடுக்கம் புதிதாக வந்து, சுபாவமும் கூடவே மாறியிருந்தால், ‘தொழில்’ கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வயலில் மருந்து அடிக்கிறாரா, வீட்டில் யார் என்ன தொழிலிலிருந்து எந்த உடையோடு திரும்புகிறார்கள், கடையிலோ பார்லரிலோ கொடுத்த களிம்பு எது, நாட்டு மருந்தில் பஸ்பமோ செந்தூரமோ உண்டா, ஆங்கில மருந்துச் சீட்டில் என்னென்ன இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது கை நடுங்குகிறதா? கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இது மருத்துவர்களுக்கான பாடம் மட்டுமல்ல. அம்மாவுக்கோ அக்காவுக்கோ கை நடுங்கினால், மருத்துவரிடம் கூட்டிப்போகும் முன் அவர்கள் பூசுவது, விழுங்குவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். என்ன வேலை என்று கேட்டால், ‘சும்மா இருக்காங்க’ என்று அவர்கள் சார்பில் நீங்கள் சொல்லாதீர்கள்.